காப்பியைக் குறைக்க: சுக்குமல்லி, கருப்பட்டிப் பாகு, நீர்மோர் செய்முறையோடு

காப்பியை ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் மண்டை இடிக்கும். அந்த வலி தாங்காமல்தான் பலர் இரண்டாம் நாளே பழைய டம்ளருக்குத் திரும்புகிறார்கள். அளவைப் படிப்படியாக இறக்கி, இறக்கிய வேளைக்கு வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டால் இவ்வளவு பாடு வேண்டாம். சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை, அங்கிருந்து தொண்டி வரை, நம் ராமநாதபுரம் கடற்கரையில் அந்த வேறொன்றுக்குக் குறைவே இல்லை.

எப்போது தொடங்குவது

கடைசியாகக் குடித்த காப்பிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், சிலருக்கு 9 நாள் வரைகூட இழுக்கும். ஆகவே வேலை நெருக்கடி இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் தோதான நேரம். நடுக்கடலில் கண் சொக்குவது விளையாட்டில்லை. பதநீர் கிடைக்கும் காலமும் அதுதான். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு மூன்று வாரம் முன்பே இறக்கத் தொடங்கினால், முதல் சில நோன்புகளில் வரும் தலைவலி வெகுவாகக் குறையும்.

படி 1: கணக்கு எடுங்கள்

மூன்று நாளைக்கு எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதன் அளவையும் பார்த்துவிடுங்கள். வீட்டு டம்ளரும் கடை கிளாஸும் ஒன்றல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்லும் கணக்கு இது: 150 மில்லி பில்டர் காப்பியில் காஃபீன் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நாளுக்கு 300-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கர்ப்பிணிகள் 200-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. காப்பியை விட்டுவிட்டு நாலு டீ குடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சாயங்காலக் காப்பியை முதலில் எடுங்கள்

உடம்பில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெடும், காலையில் எழுந்ததும் இன்னொரு டம்ளர் தேடும். இந்தச் சங்கிலியைச் சாயங்காலப் பக்கத்தில்தான் அறுக்க வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் இரவு 8 மணிக்கே படுப்பதால், அவர்களுக்கு மதியம் 12-தான் கடைசி மணி. விடிகாலை டம்ளரை இப்போதைக்குக் குறைக்க வேண்டாம்.

முதல் வாரம் சாயங்காலத்துக்கு இரண்டாம் டிகாஷன் மட்டும். காஃபீன் பெரும்பங்கும் முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடும் என்பதால் இதுவே நல்ல குறைப்பு. அடுத்த வாரம் அந்த இடத்தில் சுக்குமல்லி.

படி 3: பொடியை மாற்றுங்கள்

சிக்கரியில் காஃபீன் கிடையாது. காப்பி 80, சிக்கரி 20 என்று கலந்த 80:20 பொடி வாங்குகிறவர்கள் 60:40-க்கு மாறினால், அதே அளவு பொடியில் காஃபீன் கால்வாசி குறைந்துவிடும். சட்டப்படி சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதனால் கடையில் அதற்குக் கீழே கிடைக்காது. அரைத்துக் கொடுக்கும் கடையாக இருந்தால் கொட்டை வகையையும் கேளுங்கள். ரொபஸ்டாவில் இருக்கும் காஃபீனில் ஏறத்தாழ பாதிதான் அராபிகாவில்.

சிக்கரி கூடினால் பில்டர் அடைக்கும். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும், மேலே குடைத்தட்டை வைத்து அழுத்தினால் டிகாஷன் சொட்டாது. பொடியைத் தட்டாமல் தளர்வாகப் போட்டு, தட்டை சும்மா மேலே வைத்தால் போதும். இன்னொன்று தண்ணீர். உவர் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் டிகாஷன் சப்பென்று இருக்கும். சுவை போதவில்லை என்று பொடியைக் கூட்டிவிடுவோம். காப்பிக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ வையுங்கள்.

படி 4: சுக்குமல்லிப் பொடி

மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், சீரகம் 10 கிராம், ஏலக்காய் ஐந்து.

சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உரலிலோ அம்மிக்குழவியாலோ தட்டிச் சில்லாக்கி, ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். கடல்காற்றில் சுக்கு சீக்கிரம் நமத்துப்போகும், நமத்தது பொடியாகாது. முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கும்.

மல்லியைச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம், வாசம் கிளம்பும்வரை வறுத்தால் போதும், சிவந்தால் கசக்கும். சுக்கை நைசாக அரைத்துச் சலித்து நாரை எடுத்துவிடுங்கள். மல்லி மட்டும் ரவைப் பதத்தில் இருக்கட்டும். மாவாக அரைத்தால் பானம் குழகுழத்துத் தொண்டையில் ஒட்டும். மிக்ஸியைவிட உரலில் இடித்த மல்லிக்குத்தான் மணம் அதிகம்.

ஒரு டம்ளருக்கு 200 மில்லி தண்ணீர், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து 4 நிமிடம், இறக்கி மூடி 3 நிமிடம், பிறகு வடிகட்டுங்கள். அதிக நேரம் கொதித்தால் காரல் அடிக்கும்.

படி 5: கருப்பட்டிப் பாகு (இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள்)

காப்பியிலிருந்து கருப்பட்டிக்கு மாறுகிறவர்கள் ஒரு துண்டை உடைத்து நேரே கொதிக்கும் பாலில் போடுகிறார்கள். பால் திரிந்துவிடும். கருப்பட்டியில் இருக்கும் லேசான புளிப்பும் தாது உப்புகளும் சூட்டோடு சேர்ந்து பாலைத் திரிய வைக்கின்றன. போதாததற்கு டம்ளர் அடியில் மணல் வேறு. இரண்டு நாள் இப்படி ஆனால் பழையபடி சீனிக் காப்பிதான். பாகாக வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

கருப்பட்டி 250 கிராமைத் தட்டி, 150 மில்லி தண்ணீரில் சிறு தீயில் கரையுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். வடிகட்டியில் தப்பிய மணலும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து ஊற்றி, 4 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

டம்ளரில் முதலில் சுக்குமல்லித் தண்ணீர், அதில் ஒரு டேபிள்ஸ்பூன் பாகு. பாலைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, கையால் டம்ளரைப் பிடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கடைசியில் ஊற்றுங்கள். கலந்ததை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். கருப்பட்டி பழசாகி புளிப்பு வாடை அடித்தால் இப்படிச் செய்தாலும் திரியும். அதை வரக்காப்பி மாதிரி பால் இல்லாமல் குடித்துவிடலாம்.

வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உடைந்த இடத்தில் சீனிப் பரல் மினுங்கினால் கலப்படம். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசான உவர்ப்பும் புகை மணமும் இருக்கும். கடல்காற்றில் கசிந்துவிடும், ஆகவே இறுக்கமூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டியும் சர்க்கரைதான். சுக்குமல்லியை இனிப்பில்லாமல் குடித்துப் பழகுங்கள்.

படி 6: பகல் வேளைக்கு

11 மணிக்குத் தேடும் காப்பி பெரும்பாலும் பசிதான். இரண்டு பேருக்கு 50 கிராம் கேப்பை (கேழ்வரகு) மாவை இரவே 150 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்து, காலையில் 450 மில்லி கொதிநீரில் கிண்டிக்கொண்டே ஊற்றி, சிறு தீயில் 10 நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் மோர் ஊற்றிக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். சாப்பாட்டு நேரம்வரை காப்பி நினைப்பு வராது.

நீர்மோருக்குத் தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. நம் வெயிலுக்குத் தயிர் மதியத்துக்குள் புளித்துவிடும். காலையிலேயே கடைந்து மண்பானையில் வைத்துவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடிக்கலாம். நன்னாரிக்குப் பாட்டில் சர்பத்தை நான் சொல்ல மாட்டேன், அதில் பெரும்பகுதி சீனி. வேரைத் தட்டி நடுத்தண்டை எடுத்துவிட்டு, 20 கிராம் பட்டையைத் துணியில் முடிந்து குடிதண்ணீர்ப் பானையில் போடுங்கள். அடுத்த நாளே வாசம் பிடிக்கும்.

பதநீர் காலை வேளையோடு சரி. நுரை பொங்கிப் புளிப்பு வாடை வந்தால் கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இனிப்பும் அதிகம், ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்கு

தலைவலிக்கு மாத்திரை போடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபீன் இருக்கிறது, அட்டையின் பின்பக்கம் படியுங்கள். அதைப் போடுவதைவிட அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டு, மறுநாள் இன்னும் மெல்ல இறக்குவது மேல்.

சுக்குமல்லி குடித்தால் நெஞ்சு எரிகிறது என்பவர்கள் மிளகை விட்டுவிட்டு, சுக்கைப் பாதியாக்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தினசரி சுக்கு சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காப்பிக்குப் பதில் இளநீர் என்று போகக்கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

காலை ஒரு டம்ளரோடு நின்றுவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். போதும். ஆனால் இட்லியோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். காப்பி, டீயிலுள்ள பொருள்கள் உணவின் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.