கைக்குழந்தையோடு டெல்டாவிலிருந்து இங்கிலாந்து போகிறவர்களுக்கு

டெல்டா மாவட்டங்களில் தலைப்பிரசவம் இன்றும் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். கணவர் முன்னதாகப் போய் இங்கிலாந்தில் வேலையில் சேர்ந்திருப்பார். மனைவி கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ திருத்துறைப்பூண்டியிலோ பிள்ளை பெற்று, குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்தபின் நான்காம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ விமானம் ஏறுவார். பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எங்கள் மகளையும் அப்படித்தான் ஐந்து மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்துக் கிளம்ப இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொல்பவர் மருத்துவர் அல்லர். பால் குடிக்கிற வேகம் குறைந்திருக்கிறதே என்பார் அம்மாயி. கண் சோர்ந்திருக்கிறதே என்பார் அப்பாயி. எதிர்வீட்டு அக்கா தூக்கிப் பார்த்துவிட்டு உடம்பு கணகணவென்று இருக்கிறது என்பார். அங்கே வாடகை வீட்டில் நீங்கள் இருவர்தான். பகல் முழுவதும் பெரும்பாலும் தாய் மட்டுமே. பார்க்கும் கண்கள் இப்படிக் குறைந்துபோகும்போது, அந்த இடத்தை ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் நிரப்ப வேண்டியிருக்கிறது. குழந்தை எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது, காய்ச்சல் எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் அன்றாடம் குறித்துவைக்கப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே செவிலியரும் மருத்துவரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளில் முக்கியமானது தடுப்பூசி அட்டை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தோறும் ஊசி போட்டு எழுதித் தரும் தாய் சேய் நல அட்டையில், அவசரத்தில் தேதி விட்டுப்போவதும் கையெழுத்து மங்கிப்போவதும் உண்டு. பிறந்தவுடன் போட்ட காசநோய்த் தடுப்பூசி (பி.சி.ஜி.), மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றிலிருந்து 6, 10, 14 வாரங்களில் போட்டவை வரை ஒவ்வொன்றின் தேதியையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால், ஊசியின் வணிகப் பெயரோடு அது எந்தெந்த நோய்க்கானது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நம் நாட்டு வணிகப் பெயர்கள் அங்குள்ள செவிலியருக்குப் பழக்கமில்லாதவை. பிறந்தபோது இருந்த எடையும் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம், அதாவது ஜி.பி.யிடம், குழந்தையின் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான விசாக்களுக்கு விண்ணப்பத்தோடேயே சுகாதாரக் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள் (18 வயதுக்குட்பட்டோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு). அதன் பிறகு மருத்துவரைப் பார்ப்பதற்குப் பணம் இல்லை, குழந்தைக்கு எழுதித் தரும் மருந்துக்கும் பணம் இல்லை. பதிவு முடிந்தபின் ஹெல்த் விசிட்டர் எனப்படும் செவிலியர் தொடர்புகொள்வார். நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் போன்றவர்தான் அவரும். வீட்டுக்கே வந்து எடையும் வளர்ச்சியும் பார்ப்பார். வேவு பார்க்க வந்தவர் என்று நினைத்துச் சிலர் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறார்கள், அது தேவையற்ற அச்சம். சிவப்பு அட்டை போட்ட குழந்தை நலப் புத்தகத்தை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம் இரண்டு செய்திகளை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில், தைராய்டு குறைபாடு முதலான சில அரிய பிறவிக் கோளாறுகளைச் சோதிக்கிறார்கள். ஒரு வயதுக்குள் வெளிநாட்டிலிருந்து வரும் குழந்தைக்கும் அந்தச் சோதனை உண்டு என்பதால், இங்கே செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, நம் குழந்தைகள் பலருக்கு முதுகின் அடிப்பகுதியிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டு. அது பிறவியிலேயே வருவது, தீங்கில்லாதது. ஆனால் பார்ப்பதற்குக் கன்றிப்போன காயம் போலவே இருக்கும். முதல் சந்திப்பிலேயே அதைக் காட்டி, சிவப்புப் புத்தகத்தில் குறிக்கச் செய்துவிட்டால், பின்னாளில் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ யாரும் தவறாக நினைக்க இடமிருக்காது.

தடுப்பூசி அட்டவணையில் இரு நாடுகளுக்கும் வேறுபாடு இருக்கிறது. அங்கே முதல் ஊசிகள் 8, 12, 16 வாரங்களில் வருகின்றன. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்கான ஊசி நம் அரசு அட்டவணையில் இல்லை. அங்கே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதை விட்டுவிடாமல் போடுவார்கள். இங்கே ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியை, ஒரு வயதுக்கு முன் போட்டது என்பதால் அங்கே கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வயதுக்கு மேல் பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியைப் புதிதாக இரண்டு தவணை போடுவார்கள். போட்ட ஊசியையே மறுபடி போடுகிறார்களே என்று தடுக்க வேண்டாம். பி.சி.ஜி. மட்டும் மறுமுறை தேவையில்லை, அட்டையைக் காட்டினால் போதும்.

பெட்டி கட்டும்போது பாட்டிமார் வைத்துத் தரும் பொருட்களுக்கு வருவோம். உரை மருந்துக்கான ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, கடுக்காய், உரைகல் எல்லாம் வந்து சேரும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலோ புட்டிப்பாலோ தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் கருத்து, என் கருத்தும் அதுவே. பெரியவர்களின் மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். கண்மையில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. அதோடு அங்குள்ள வீடுகளின் கூரையில் புகையைக் கண்டு அலறும் கருவி இருக்கும், முதல் வெள்ளிக்கிழமையே கட்டடம் முழுவதும் உங்களை அறிந்துகொள்ளும். தூளி கட்ட உத்திரமும் இருக்காது. தட்டையான, கெட்டியான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. குளிருக்கு அஞ்சி நான்கு போர்வை போர்த்துவதும் ஆபத்துதான். அறையின் வெப்பம் 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும்.

மருந்தில் எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஊரிலிருந்து கொண்டுபோன பாராசிட்டமால் சொட்டு மருந்தும், அங்கே மருந்துக் கடையில் வாங்கிய பாராசிட்டமால் திரவமும் ஒரே பெயரில் இருந்தன. அங்குள்ள புட்டியில் இரண்டரை மில்லி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, ஊர் மருந்தில் இரண்டரை மில்லி உறிஞ்சிவிட்டேன். குழந்தையின் வாயருகே கொண்டுபோகும் முன் மனைவி இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்ததால் தப்பினோம். நம் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். அங்குள்ள குழந்தைத் திரவத்தில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 24. இரண்டரை மில்லி என்பது அங்கே 60 மில்லிகிராம், நம் சொட்டு மருந்திலோ 250. எனவே ஊரிலிருந்து காய்ச்சல் மருந்து கொண்டுபோகவே வேண்டாம். இருமல், சளி மருந்துகளையும் விட்டுவிடுங்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் வாங்கும் அத்தகைய மருந்தை அங்கே பரிந்துரைப்பதில்லை.

ஐப்பசி அடைமழையில் இங்கிருந்து கிளம்பினால், அங்கே குளிர்காலச் சளி தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வீர்கள். ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் பச்சிளங் குழந்தைகளின் நுண்ணிய மூச்சுக் குழல்களை வீங்கச் செய்யும் பருவம் அது. மூக்கொழுகலாகத் தொடங்கி, மூன்று நான்கு நாளில் இருமலும் இளைப்புமாக முற்றி, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். மருத்துவரிடம் கொண்டுபோனால் நெஞ்சைக் கேட்டுப் பார்த்துவிட்டு, மருந்தேதும் எழுதாமல் அனுப்பிவிடுவார். கும்பகோணத்தில் மூன்று புட்டி மருந்தோடு வெளியே வந்து பழகிய நமக்கு, வெறுங்கையோடு வருவது அவமதிப்பாகவே தோன்றும். ஆனால் வைரஸ் மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அந்த நாட்களில் சிறிது சிறிதாக, அடிக்கடி பால் கொடுத்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம். வழக்கமாகக் குடிப்பதில் பாதிதான் குடிக்கிறது என்றாலும், பன்னிரண்டு மணி நேரம் டயப்பர் நனையவில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம் கணக்கில் 100.4, வந்துவிட்டால் இரவானாலும் பகலானாலும் உடனே ஜி.பி.யிடமோ 111 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணிலோ பேச வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் வரை அந்த எல்லை 39, நம் கணக்கில் 102.2. அங்கே பாரன்ஹீட்டில் சொன்னால் குழப்பம் வரும் என்பதால் தெர்மாமீட்டரைச் செல்சியஸுக்கு மாற்றிவிடுங்கள். உதடு நீலம் பாய்தல், மூச்சு விட்டுவிட்டு வருதல், வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் இவற்றுக்கு ஆம்புலன்ஸை அழைக்கும் அவசர எண்ணான 999. உடம்பில் தடிப்பு கண்டால் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் அதற்கும் 999தான். நம் நிறத்தில் தடிப்பும் நீலமும் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், ஈறு, நாக்கு, கீழிமையின் உட்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்திலோ நல்ல விளக்கிலோ பார்க்க வேண்டும்.

மற்றவற்றுக்கு 111 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஆங்கிலத்தில் திணறினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் மூன்றாவதாக ஒரு தமிழ்க் குரல் சேர்ந்துகொள்ளும். அதற்கு முன் அம்மாயியுடன் பேசிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பை முடித்துவிட்டு, நோட்டில் அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.