சின்ன வெப்சைட்டைச் சந்தா தொழிலாக மாற்றுவது எப்படி?

சந்தா ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் செய்யும் முதல் காரியம், தளத்தில் ஏற்கெனவே இருக்கும் நல்ல கட்டுரைகளுக்குப் பூட்டுப் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். கூகுளில் தேடி வரும் புது ஆள் அவற்றைப் படித்துத்தான் உங்களை நம்புகிறார். விற்க வேண்டியது இனிமேல் தவறாமல் தரப்போவதை.

உதாரணத்துக்கு, பென் தாம்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2013இல் ஸ்ட்ராட்டெக்கரி என்ற தளத்தைத் தொடங்கினார். தொழில்நுட்ப நிறுவனங்களின் வியாபார உத்தி, அது ஒன்றுதான் தலைப்பு. 2014இல் சந்தா வைத்தபோதும் வாரக் கட்டுரையை இலவசமாகவே விட்டுவிட்டார், தினசரி அலசலுக்குத்தான் காசு. முதலில் பல விலைகள் வைத்துப் பார்த்து, பிறகு மாதம் 10 டாலர், வருடம் 100 டாலர் என்று ஒரே திட்டத்துக்கு வந்தார்.

நம்மூரில் எப்படி இருக்கும்? நாகப்பட்டினம் பக்கத்து வனாமி இறால் பண்ணைக்காரர்களுக்காக ஒரு தளம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளம் தயார் செய்வது, குஞ்சு விடுவது, வெண்புள்ளி நோயின் அறிகுறி எல்லாம் இலவசமாகவே இருக்கட்டும். ஆனால் இன்றைக்கு 30 கவுண்ட் என்ன விலை, 100 கவுண்ட் என்ன விலை (கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட்), ஆந்திராவில் பீமவரம் பக்கம் என்ன ரேட் போகிறது என்பதை வியாபாரியோடு பேரம் பேசுவதற்கு முன்பே சொல்ல முடிந்தால், அதற்குக் காசு கொடுப்பார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் இரண்டு டன் அறுவடையில் இருபதாயிரம் ஆயிற்றே! படிப்பவருக்கு வருமானமோ மிச்சமோ வராத, பைத்தியமாகப் பிடித்த பொழுதுபோக்காகவும் இல்லாத விஷயம் என்றால் சந்தா கஷ்டம்தான், விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்வது மேல்.

சரி, சாஃப்ட்வேர் தேடுவதற்கு முன்னால், அடிக்கடி கேள்வி கேட்கும் இருபது முப்பது வாசகர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். என்ன தரப்போகிறீர்கள், வருடத்துக்கு எவ்வளவு, கூடவே யுபிஐ க்யூஆர். "சூப்பர் சார், பண்ணுங்க" என்ற பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பணம் வந்தால்தான் கணக்கு. நாலைந்து பேர்கூடக் கட்டவில்லை என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தருவதை மாற்றிப் பாருங்கள்.

விலையில் என் கட்சி வருடச் சந்தா. மாதச் சந்தாவில் மாதம் ஐந்து சதவீதம் பேர் கழன்றுகொண்டாலே நூறு பேர் ஒரு வருடத்தில் 54 ஆகிவிடுவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும், அதைப் பார்த்ததும் 'இது எதற்கு' என்று ரத்து செய்பவர்கள் உண்டு. மாதச் சந்தா வேண்டியே தீரும் என்றால் யுபிஐ ஆட்டோபே வையுங்கள்.

கட்டுரை வெளியிடவும் சந்தா வசூலிக்கவும் சப்ஸ்டாக், கோஸ்ட் என்று ரெடிமேட் தளங்கள் உண்டு. சப்ஸ்டாக் உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கோஸ்ட் பங்கு கேட்காது. ஆனால் இரண்டிலுமே பணம் வாங்க ஸ்ட்ரைப் என்ற ஆன்லைன் கட்டணச் சேவையில் கணக்கு வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தளத்துக்கு வேர்ட்பிரஸ், பணம் வாங்க ரேசர்பே போதும். முதல் ஐம்பது பேருக்கு அதுகூட வேண்டாம், ஒரு எக்செல் ஷீட்டும் வாட்ஸ்அப்பும் வைத்தே ஓட்டலாம். 500 பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினால் ஏழரை லட்சம். சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்றாலும், ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் ஃபார்வர்ட் தொல்லை. காலையில் நீங்கள் அனுப்பிய ரேட் பத்து நிமிஷத்தில் ஊர் குரூப்பில் வந்துவிடும், அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் எழுத நேரம் இருக்காது. ஃபார்வர்ட் செய்ய முடியாத ஒன்றைச் சந்தாவில் சேருங்கள்: தன் குளத்தின் கணக்கைச் சொல்லி, இப்போது பிடிக்கலாமா, ஒரு வாரம் பொறுக்கலாமா என்று சந்தாதாரர் உங்களிடம் நேரடியாகக் கேட்கலாம். வருடா வருடம் புதுப்பிக்க வைப்பது பெரும்பாலும் இதுதான்.

சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நினைவூட்டுங்கள். புதுப்பிக்காதவர்களைப் போனில் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள், மெசேஜில் கேட்டால் "கொஞ்சம் பிஸி சார்" என்பதோடு முடித்துவிடுவார்கள்.