பழுது பக்கத்து ஃபீடரில், மின்தடை எங்களுக்கு

காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் 11 கிலோவோல்ட் ஃபீடரில் (துணைமின்நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லும் வழித்தடம்) சூரிய மின்நிலையம் இணைந்த பிறகு ஒரு தொல்லை தொடங்கியது. பக்கத்து ஃபீடரில் மாங்கிளை உரசினால், பழுதே இல்லாத எங்கள் ஃபீடரின் பிரேக்கரும் (பழுதின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சேர்ந்து விழுந்தது. மாங்கூழ் ஆலைகள் இரவுபகலாக ஓடும் பருவத்தில் இது எத்தனை பெரிய கொடுமை!

சூரியத் தகடுகளின் மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரை எல்லோரும் குறை சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. பழுதின்போது இன்வெர்ட்டர் தன் வழக்கமான அளவுக்குச் சற்றே மேல்தான் மின்னோட்டம் தரும். பழுதை உணர்ந்து பிரேக்கருக்கு ஆணையிடும் ரிலேயின் பதிவுகளைப் புரட்டினேன். இரவு 2 மணிக்கும் பிரேக்கர் விழுந்திருந்தது. அப்போது வெயில் ஏது?

காரணம் மின்நிலையத்தின் டிரான்ஸ்பார்மர். அதன் 11 கிலோவோல்ட் பக்கம் ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களும் ஒரு புள்ளியில் சேர்வது), அந்தப் புள்ளியான நியூட்ரல் நேராகப் பூமியில், மறுபக்கம் டெல்டா (சுருள்கள் முக்கோணமாகச் சேர்வது). பக்கத்துக் கம்பி பூமியைத் தொட்டதும், அந்த நியூட்ரல் வழியே மின்னோட்டம் ஏறி, எங்கள் ஃபீடரில் பின்னோக்கிப் பாய்ந்து, துணைமின்நிலையத்தைக் கடந்து பழுதிடத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் ரிலேக்கு அளவு தெரியும், திசை தெரியாது.

ரிலேயின் எர்த் ஃபால்ட் (கம்பி பூமியைத் தொடும் பழுது) பாதுகாப்பைத் திசையறியும் வகைக்கு மாற்றினேன். ரிலேக்கு மின்னோட்டத்தை அளந்து தரும் சிடியின் (கரன்ட் டிரான்ஸ்பார்மர்) முனைகளை இருமுறை சரிபார்த்தேன். அவை தலைகீழானால் ரிலே உண்மையான பழுதை விட்டுவிடும். அடுத்த கோடைமழைக் காற்றில் பக்கத்து ஃபீடர் மட்டும் விழுந்தது. எங்கள் பேனலில், பிரேக்கர் இணைப்பில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை.