அம்பாசடர் ரேடியேட்டர வீட்லயே கழுவி ஈயம் வைக்கிறது எப்படி

வண்டி சூடாகுதுன்னா எல்லாரும் உடனே ஓட்டையத்தான் தேடுவாங்க. ஆனா பழைய வண்டில நிறைய நேரம் ஓட்டையே இருக்காது, போர் தண்ணிய வருஷக்கணக்கா ஊத்தி டியூபுக்குள்ள உப்பு படிஞ்சு அடைச்சிருக்கும். அதனால முதல்ல கழுவுங்க, ஈயம் வைக்கிறது, அதாவது சோல்டர் பண்ணி ஓட்டைய அடைக்கிறது, அப்புறம். அதுக்கும் முன்னாடி ரேடியேட்டர் மூடிய பாருங்க, 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) மூடி ஒழுங்கா இருந்தா தண்ணி 110 டிகிரி கிட்டதான் கொதிக்கும், ரப்பர் வெடிச்ச மூடின்னா 100லயே பொங்கிடும்.

இஞ்சின் நல்லா ஆறினப்புறம் மட்டும் மூடிய திறங்க. சூட்டோட திறந்தா முகத்துல அடிக்கும், இதுல விளையாட்டே வேணாம். வடிக்கிற தண்ணி செம்மண் கலர்னா துரு, பால் காபி மாதிரி எண்ணெயோட வந்தா பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு) போயிருக்கும், அப்போ ரேடியேட்டர விட்டுட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க. கூலண்ட் ஊத்தியிருந்தா தரையில விடாதீங்க, இனிப்பா இருக்கும், தெருநாய் நக்கினா செத்துடும்.

மேல கீழ ஹோஸ், சைடு போல்ட் கழட்டி வெளிய எடுத்து, இஞ்சின் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி அடிங்க, பூச்சி தூசியெல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். வாட்டர் சர்வீஸ் கன் வேணாம், ஃபின் (டியூப் நடுவுல இருக்கிற மெல்லிய தகடு) எல்லாம் மடங்கிடும். உள்ளுக்கு சிட்ரிக் ஆசிட், 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை கிலோ, கீழ் வாய அடைச்சு ரொப்பி சில மணி நேரம் விடுங்க, மூடி போடாதீங்க, நுரைச்சு கேஸ் வரும். அப்புறம் கொட்டிட்டு ஆப்பசோடா கரைச்ச தண்ணில ஒரு தடவை, கீழ் வாய்லேர்ந்து மேல ஓடுற மாதிரி நல்ல தண்ணில தெளியிற வரைக்கும் அலசுங்க.

இப்போ ஓட்டை. வாயெல்லாம் அடைச்சு தொட்டில முக்கி சைக்கிள் பம்புல மெதுவா காத்து அடிங்க, மூடில போட்டிருக்கிற பிஎஸ்ஐய தாண்டக்கூடாது. குமிழ் வர்ற இடத்துல மார்க் பண்ணி, பெயிண்ட சுரண்டிப் பாருங்க. மஞ்சளா பித்தளை தெரிஞ்சா ஈயம் பிடிக்கும், வெள்ளையா அலுமினியம்னா வேலைக்கு ஆகாது, அத மாத்திடுறதுதான் நல்லது.

பித்தளைய கண்ணாடி மாதிரி மின்னுற வரைக்கும் உப்புத்தாள் போடணும், இதுலதான் பாதி வேலை இருக்கு, கருப்பு கொஞ்சம் இருந்தாலும் ஈயம் உருண்டு ஓடிடும். ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுறதுக்கு தடவுற பசை) தடவி, ரேடியோ ரிப்பேர் பண்ற 25 வாட் சோல்டரிங் அயர்ன் இல்லாம 100 வாட்டுக்கு மேல பெரிய அயர்னா வச்சு, முதல்ல மெல்லிசா ஈயம் பூசி அது மேல ரொப்புங்க. ஈயக்கம்பிய அயர்ன்ல இல்ல, சூடான பித்தளைல தொட்டு உருக்கணும். பக்கத்து ஜாயிண்ட் மேல ஈரத்துணி போடுங்க, இல்லன்னா அதுவும் உருகி விட்டுக்கும். காத்தோட்டமான இடத்துல உக்காந்து செய்ங்க, முடிஞ்சதும் ஃப்ளக்ஸ கழுவிடுங்க, விட்டா பித்தளைய அரிச்சிடும். நடு கோர்ல (டியூபும் ஃபின்னும் இருக்கிற பகுதி) ஒரு டியூப் போச்சுன்னா மேலயும் கீழயும் அடைச்சிடலாம், நாலஞ்சு போச்சுன்னா கோர் மாத்தணும். மஞ்சத்தூள் போட்டு அடைக்கிறது ரோட்ல மாட்டிக்கிட்டா மட்டும் சரி, அப்படியே விட்டா நல்ல டியூபையும் அடைச்சிடும்.

திரும்ப மாட்டும்போது ஹோஸ அமுக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா புதுசு போடுங்க. கலக்காத (கான்சன்ட்ரேட்) கூலண்டும் பேட்டரி வாட்டரும் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல) சரிபாதி கலந்து ஊத்தி, மூடி இல்லாம ஐடில்ல ஓட விட்டு காத்து போகப் போக ரொப்பிட்டு மூடுங்க. ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு, மறுநாள் காலைல இஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது திரும்ப அளவு பாருங்க, குறைஞ்சிருந்தா காத்து இருந்திருக்கும், ஒரு தடவை ரொப்பினா போதும்.