கருந்துகளுக்கு ஒரு சிலிக்கா சட்டை

கிண்டி ஆய்வகத்துக்கு வரும் புது மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் புட்டியைத்தான். புற்றுநோயைப் படத்தில் காட்டவும் தாக்கவும் நாம் செய்யும் நுண்ணிய காந்தத் துகள்களுக்கு அதுதான் தொடக்கம். சென்னைக் காற்றின் ஈரம் பட்டால் மஞ்சள் கட்டிகள் கசிந்து குழம்பாகிவிடும், எடை தப்பும். சட்டென்று எடைபோட்டு மூடுங்கள்.

இரும்பின் ஃபெரிக், ஃபெரஸ் உப்புகளை 2:1 மோல் விகிதத்தில் நீரில் கரையுங்கள். நைட்ரஜனை ஓடவிட்டு, 80 டிகிரியில் வேகமாகக் கலக்கியபடியே அம்மோனியா ஊற்றுங்கள். கரைசல் கண்ணெதிரே கறுக்கும்: அதுதான் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு. பழுப்பு தட்டினால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. ஒப்பேற்றப் பார்க்காமல் மறுபடி தொடங்குங்கள். குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை ஒட்டி, தெளிந்த நீரை வடித்துக் கழுவுங்கள்.

அடுத்து உறை: மணலில் இருக்கும் சிலிக்காவால் ஒரு சட்டை. துகள்களை எத்தனாலும் நீரும் கலந்ததில் மீயொலியால் பிரித்து, சிறிது அம்மோனியா சேர்த்து, சிலிக்காவைத் தரும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டால் சிலிக்கா தனி உருண்டைகளாகத் திரளும். பொறுமைக்கு இங்கேதான் சோதனை. மருந்தையும் புற்றணுவைத் தேடும் எதிர்ப்பொருளையும் இந்த உறைமீதுதான் பிணைக்கிறோம். உள்ளிருக்கும் மேக்னடைட் கரு, துகள் சேர்ந்த இடத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகக் காட்டும். மாறுதிசைக் காந்தப்புலத்தில் சூடேறிப் புற்றுக்கட்டியைத் தாக்கும்.

முடித்ததும் உலர்த்தாதீர்கள், தம்பிகளே. காய்ந்த தூள் எளிதில் பிரியாது, எத்தனாலிலேயே வையுங்கள்.