மொரிஸ் மைனர்: எக்ஸாஸ்ட்டை மறுபடி பூட்டி, புகை கசியாமல் அடைப்பது

மொரிஸ் மைனர் 1000 என்ற பழைய காரில் எக்ஸாஸ்ட் கசிந்தால், மூட்டில் அப்பி அடைக்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட் டப்பாவைத் தேடுவதுதான் வழக்கம். ஆனால் பேஸ்ட் குறைந்து கசியும் வண்டி அபூர்வம். ஒன்று, சேரும் முகங்கள் சரியாக உட்கார்ந்திருக்காது; இல்லை, குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு அப்பினாலும் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். 948 சிசி, 1098 சிசி இரண்டு எஞ்சினுக்கும் முறை ஒன்றுதான்.

நட்டு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து காற்றையும் புகையையும் கொண்டுபோகும் குழாய்த்தொகுதிதான் மேனிஃபோல்ட். அதைப் பிடிக்கும் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) 5/16 அங்குல யுஎன்எஃப், அதாவது அங்குல அளவில் நெருக்கமான புரி. நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனரும் ஏறக்குறையப் பொருந்தும், பித்தளை நட்டின் மூலைகள் மழுங்குவதும் அதனால்தான். கடையில் எம்8 (8 மி.மீ.) நட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். எம்8-இன் புரி இடைவெளி 1.25 மி.மீ., யுஎன்எஃப் புரிக்கு 1.06 மி.மீ. பலமாகத் திருகினால் ஸ்டட்டின் புரி போய்விடும். பித்தளை நட்டுதான் போட வேண்டும்: இரும்பு நட்டு சூட்டில் துருவேறி ஸ்டட்டோடு ஒன்றாகிவிடும், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியும். போடுமுன் புரியில் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவுங்கள்.

ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை, அதாவது நடுவே வைக்கும் அடைப்புத் தகட்டை, சுரண்டி எடுத்தபின், மேனிஃபோல்ட் முகத்தின் குறுக்கே எஃகு அளவுகோலை நிறுத்திவைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைகிறதா பாருங்கள். 0.15 மி.மீ. தகடு எங்காவது தாராளமாகப் போனால், லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்துங்கள். இரண்டு கேஸ்கெட்டை அடுக்கிச் சமாளிப்பது வீண்வேலை.

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் துவாரங்களுக்கும் புகை வெளியேறும் துவாரங்களுக்கும் ஒரே கேஸ்கெட். அதனால் இங்கே எக்ஸாஸ்ட் பேஸ்ட் கூடவே கூடாது. காய்ந்து உதிரும் துணுக்கு உள்ளே இழுக்கப்பட்டால் நேராக வால்வுக்குப் போகும். இன்லெட் பக்கம் கசிந்தால் சத்தம் பெரிதாக வராது. வெளிக்காற்று கலந்து கலவை மெலியும், ஐடிலில் எஞ்சின் உதறும், கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அடங்காது. நட்டுகளை நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு தவணையாக இறுக்கி, 15 பவுண்டு-அடியில் (20 நியூட்டன் மீட்டர்) நிறுத்துங்கள்.

அதிகம் தகராறு செய்வது மேனிஃபோல்டும், அதிலிருந்து கீழே இறங்கும் டவுன் பைப்பும் சேரும் இடம். அங்கே கேஸ்கெட் கிடையாது. குழாயின் விரிந்த வாய் மேனிஃபோல்டின் கூம்பில் உட்காரும். இரண்டு அரைவளையங்களான கிளாம்ப் இரண்டையும் சேர்த்துக் கவ்வும். கூம்பைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, மார்க்கர் பேனாவால் சுற்றிலும் கறுப்பாக்குங்கள். குழாயை அழுத்தி இப்படியும் அப்படியும் கால் சுற்று திருப்பிவிட்டு எடுத்துப் பாருங்கள். மை முழு வட்டமாகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வால்வு உரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, வட்டம் முழுமையாகும்வரை குழாயைத் திருப்பித் திருப்பி உரைத்து, பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

பூட்டும்போது குழாயின் பாரம் அந்த மூட்டில் தொங்கக் கூடாது. கீழே சின்ன ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்துத் தாங்குங்கள். கிளாம்பின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இடையிடையே கிளாம்பைச் சுற்றிலும் சிறு சுத்தியலால் தட்டினால் அது கூம்பில் ஏறி உட்காரும். இறுக்கி முடிந்தபின் அரைவளையங்களுக்கு நடுவே இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் கிளாம்ப் தேய்ந்துவிட்டது: போல்ட் இறுகியிருக்கும், குழாய் இறுகியிருக்காது. புதிது மாற்றுங்கள்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், பாடி ஆடாது. டவுன் பைப்பை கியர்பாக்ஸ் பக்கம் பிடிக்கும் பிராக்கெட்டைப் போடாமல் விட்டால், ஒவ்வொரு முறை கிளட்ச்சை விடும்போதும் அந்தக் கூம்பு மூட்டுதான் வளையும். அடிக்கடி கசியும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பிராக்கெட் காணாமல் போயிருக்கும்.

சைலன்சரையும் வால்குழாயையும் முதலில் தளர்வாக மட்டும் மாட்டுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டில் 40 முதல் 50 மி.மீ. உள்ளே போக வேண்டும். எக்ஸாஸ்ட் பேஸ்ட்டுக்கு உரிய இடம் இதுதான். உள்குழாயின் வெளிப்புறத்தில் மெல்லியதாக ஒரு பட்டை போதும். சிவப்பு சிலிக்கானை வால் பக்கம் பயன்படுத்தலாம். மேனிஃபோல்ட் அருகே அது கருகிவிடும். இறுக்குவது எஞ்சினிலிருந்து பின்னோக்கி: கூம்பு, கியர்பாக்ஸ் பிராக்கெட், சைலன்சர் மூட்டுகள், கடைசியாக ரப்பர் தொங்கல்கள். அந்த நேரத்தில் வண்டியின் பாரம் பின் அச்சின் கீழே வைத்த ஸ்டாண்டில் இருக்க வேண்டும். பாடியில் தூக்கினால் அச்சு தாழ்ந்து தொங்கும், அப்போது தெரியும் இடைவெளி பொய். பாரம் இறங்கியபின் குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்காதீர்கள்.

பேஸ்ட்டில் தண்ணீர் இருக்கிறது. உடனே சூடேற்றினால் கொதித்து நுரைத்துத் துளை விழும். பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, அணைத்து, இரவு முழுவதும் விடுங்கள்.

சோதிக்க, குளிர்ந்த எஞ்சினில் வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையை வால்குழாயில் துணி சுற்றிச் செருகி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசியும் இடம் குமிழி விடும். சைலன்சர் அடியில் சின்னத் துளை இருந்து அங்கே குமிழி வந்தால் அடைக்காதீர்கள், அது தண்ணீர் வடிய வைத்தது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று கேட்டு, சூடானதும் நின்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விடும்போது பின்னால் பட் பட்டென்று வெடித்தால் ஏதோ ஒரு மூட்டு காற்றை உள்ளிழுக்கிறது.

கார் தரையில் கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கும் மூடியின் திருகுகளும் ரப்பர்களும் முழுதாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கீழே சிறிது கசிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் முழுக்க ஆறியதும், மேனிஃபோல்ட் நட்டுகளை மறுபடி 15 பவுண்டு-அடிக்குச் சரிபாருங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கியிருக்கும். ஒன்றிரண்டு நட்டாவது கொஞ்சம் திரும்பும்.