அரிக்கமேட்டுச் சிவப்பு: உரோமானியக் கிண்ணத்தை நம் களிமண்ணில் வனையும் முறை

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ஆம்போரா என்னும் இருகைப்பிடி ஜாடிகளின் ஓடுகளோடு சிவந்து மினுங்கும் மெல்லிய கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. இத்தாலியின் அரெத்சோ நகரத்தின் பெயரால் அரெட்டைன் என்று அழைக்கப்படும் கலவகை அது. சில துண்டுகளில் விபியே, கமுரி, இத்தா என்று குயவர்களின் முத்திரைகளும் இருந்தன. அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்க வீலருக்குப் பெரிதும் உதவியவை இந்த ஓடுகளே. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது; அந்தப் பாட்டில் மண்கிண்ணத்துக்கு இடமில்லை. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டு ஈரத்தில் கிடந்தும் நிறம் மாறாமல் வந்து சேர்ந்தது மண்தான்.

அந்தக் கிண்ணத்தைப் போல ஒன்றைச் சக்கரத்தில் வனைய விரும்புவோர் முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். அதன் மினுமினுப்பு கண்ணாடிப் பூச்சும் அன்று, வார்னிஷும் அன்று. களிமண்ணையே நீரில் கரைத்து, அதன் மிக நுண்ணிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மேலே தோய்த்துச் சுட்டதால் வந்த ஒளி அது. சுட்ட கிண்ணத்தின்மேல் சிவப்புச் சாயமும் மெருகெண்ணெயும் பூசி விற்கப்படும் நகல்களைக் கடற்கரைக் கடைகளில் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நம் ஊர்க் குயவர்கள் பானைக்குக் காவி பூசும் முறைக்கு மிக அருகில் நிற்கும் ஒரு நுட்பத்தை அந்தச் சாயம் மறைத்துவிடுகிறது.

வடிவத்தைத் தேர்வதில் பேராசை வேண்டாம். ஹான்ஸ் டிராகன்டார்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1895இல் இக்கலங்களின் வடிவங்களுக்கு எண்களிட்டு வரிசைப்படுத்தினார். அவற்றுள் 27ஆம் எண் கொண்ட சிறு கிண்ணம் தொடங்குவோருக்கு ஏற்றது. அதன் சுவர் நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கி, மேலும் கீழுமாக இரண்டு வளைவுகளைக் கொண்டிருக்கும். அடியில் சிறிய வளையம் ஒன்று தாங்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தாலியிலும் இன்றைய பிரான்சின் தென்பகுதியிலும் இது ஏராளமாக வனையப்பட்டது. வாய் 10 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர், அடிவளையம் 4.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கையில் அடக்கமாக அமையும்.

களிமண்ணில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர்கள் பயன்படுத்தும் வண்டல் களிமண் சக்கரத்தில் நன்றாக எழும்பும். ஆனால் பானைக்காக மணல் கலந்து மிதித்த மண் இதற்கு ஆகாது. மணல் சேர்க்காத மண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கடலோர மண்ணுக்கு உரிய இரண்டு குறைகளையும் கவனிக்க வேண்டும். முதலாவது, கிளிஞ்சல் துண்டு. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொரிந்து, கிண்ணத்தின் சுவரைச் சில்லாகப் பெயர்த்துவிடும். நான் முதன்முதலில் சுட்ட பன்னிரண்டு கிண்ணங்களில் ஏழு, சூளை பிரித்த மறுவாரம் அலமாரியில் இருந்தபடியே இப்படி மூளியாயின. ஆகவே மண்ணைக் கரைத்துக் கூழாக்கி, அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் தவறாமல் வடிக்க வேண்டும். இரண்டாவது, உப்பு. காயும்போது அது மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாகப் படிந்து பூச்சைக் கெடுக்கும். கூழை நல்ல நீரில் கலக்கி, தெளிந்த நீரை வடித்துவிட்டு, மீண்டும் நீர் ஊற்றி வடித்தால் பெரும்பகுதி நீங்கும்.

அரெட்டைன் கலங்களின் உடல்மண்ணில் இயல்பாகவே சுண்ணாம்பு மிகுதி. அதனால் உடைந்த விளிம்பு வெளிறிய இளஞ்சிவப்பாகவும் பூச்சு அடர்சிவப்பாகவும் தெரியும். அந்த வேறுபாடும் வேண்டும் என்பவர்கள், மாவாக அரைத்த சீமைச்சுண்ணாம்புத் தூளை உலர்ந்த மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். மாவாக இருக்கும்வரை அது கிளிஞ்சலைப்போல் பொரியாது.

மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், வனைவதற்கு முன் அந்த அளவை அறிய வேண்டும். பிசைந்த மண்ணில் ஒரு பட்டை தட்டி, அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கீறிச் சுட்டெடுங்கள். கோடு 8.8 சென்டிமீட்டர் ஆகியிருந்தால் சுருக்கம் 12 விழுக்காடு. அப்போது 10 சென்டிமீட்டர் வாய் வேண்டுமானால் பச்சையில் ஏறத்தாழ 11.4 சென்டிமீட்டராக வனைய வேண்டும். இந்தப் பெருக்கப்பட்ட அளவில், கிண்ணத்தின் வெளிவளைவைப் பழைய பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால், சக்கரத்தில் சுவரோடு ஒட்டிப் பார்த்து வடிவத்தைத் திருத்தலாம்.

ஒரு கிண்ணத்துக்கு 300 கிராம் மண் போதும். முதலில் எளிய அரைக்கோளமாக எழுப்பிவிட்டு, உள்ளே ஒரு விரலால் தாங்கி, வெளியே வட்டமுனைக் குச்சியால் நடுவில் மெல்ல அழுத்தினால் இடுப்பு விழும். அடியில் தாராளமாக மண்ணை விட்டு நூலால் அறுத்தெடுங்கள். பாதி உலர்ந்து இறுகும் அரைக்காய்ச்சல் பதம் வந்தபின் கவிழ்த்துச் சக்கரத்தில் நடுப்படுத்தி, சுவர் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆகும்வரை சீவி, அடிவளையத்தைக் கடைந்தெடுக்க வேண்டும். அரைக்காய்ச்சல் பதம் எளிதில் தவறிப்போகும்: சித்திரை, வைகாசி வெயிலில் விளிம்பு ஒரு மணி நேரத்தில் வெளுத்து, அடி ஈரமாகவே இருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாளானாலும் இறுகாது. கோடையில் விளிம்பை ஈரத்துணியால் மூடி வைப்பதும், மழைக்காலத்தில் வேலையைத் தள்ளிவைப்பதும் நல்லது. சீவிய பிறகு நிழலில் ஒரு வாரம் முழுமையாக உலரட்டும்.

அந்த ஒரு வாரத்தில் பூச்சைத் தயாரிக்கலாம். வடித்து உலர்த்திப் பொடித்த களிமண் ஒரு கிலோ, நீர் இரண்டரை லிட்டர், சோடியம் சிலிகேட் 4 கிராம் ஆகியவை தேவை. நீர் மழைநீராகவோ வாலை வடிநீராகவோ இருக்க வேண்டும். உப்பும் சுண்ணமும் கலந்த கிணற்று நீரில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு முழுவதும் அடியில் இறங்கிவிடும். அவற்றை ஒட்டவிடாமல் பிரித்து மிதக்கவைக்கவே சிலிகேட் சேர்க்கிறோம். அதை முதலில் நீரில் கரைத்து, பிறகு களிமண்ணைத் தூவிக் கலக்கி, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, 20 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் கனமான சேறும், அதற்குமேல் பால்போன்ற செங்கலங்கலும் பிரிந்திருக்கும். சில சமயம் உச்சியில் தெளிந்த நீர் நிற்கும். தெளிந்த நீரை முதலில் இறுத்துவிட்டு, மெல்லிய ரப்பர் குழாயால் அந்தக் கலங்கலை மட்டும் உறிஞ்சி எடுங்கள். சேறு கலந்துவிட்டால் மினுமினுப்பு வராது. ஆகவே கலங்கலின் கடைசிப் பகுதியை விட்டுவிடுவதே நல்லது. எடுத்ததை அகன்ற தட்டில் ஊற்றி வற்றவிட்டு, 100 மில்லிலிட்டர் 115 கிராம் எடை காட்டும் பதத்தில் நிறுத்துங்கள்.

எல்லாக் களிமண்ணும் ஒரே அளவு ஒளி தருவதில்லை. இல்லைட் என்னும் பொட்டாசியம் மிகுந்த களிமண் கனிமமும் இரும்பும் சேர்ந்த மண்ணே உரோமானியப் பூச்சின் இரகசியம்; நுண்துகளும் பொட்டாசியமும் சேர்ந்தே குறைந்த வெப்பத்தில் பூச்சை இறுக உருக்கி ஒட்டவைக்கின்றன. இங்கே மேட்டுநிலச் செம்மண் எனக்கு ஆழ்ந்த நிறத்தைத் தந்தது, ஒளியைத் தரவில்லை. ஆற்று வண்டல் ஒளியைத் தந்தது, நிறம் வெளிறிப்போனது. இரண்டையும் பல விகிதங்களில் கலந்து, சிறு ஓடுகளில் பூசிச் சுட்டுப் பார்த்தே உங்கள் மண்ணுக்குரிய விகிதத்தைக் கண்டறிய வேண்டும்.

நன்றாக உலர்ந்த கிண்ணத்தைத் துணியால் தூசி தட்டி, அடிவளையத்தைப் பிடித்துத் தலைகீழாகப் பூச்சில் மூன்று நொடி தோய்த்து எடுங்கள். பழைய கலங்கள் பலவற்றில் அடிவளையத்தருகே குயவரின் விரல்தடம் பூச்சில்லாமல் தெரியும். நீங்கள் பிடிக்கும் இடத்திலும் அதே தடம் விழும், அதை மறைக்க வேண்டாம். உரோமானியர் பொதுவாகத் தோய்த்ததோடு விட்டனர். நம் சூளைகளில் வெப்பம் சற்றுக் குறைவாகவே நிற்பதால், பூச்சு ஈரம் வற்றியவுடன் மென்துணியால் ஒரு முறை தேய்ப்பது உதவும். கூழாங்கல்லால் தேய்த்தால் கோடுகள் விழுந்து வேறு மரபின் கலமாகத் தோன்றிவிடும்.

சுடுவதற்கு மின்சூளையே பாதுகாப்பானது. முதல் 120 பாகை செல்சியஸ் வரை மிக மெதுவாகவும், பிறகு மணிக்கு 100 பாகையாகவும் ஏற்றி, 980 பாகையில் அரைமணி நிறுத்துங்கள். 1050ஐத் தாண்டினால் ஒளி மங்கத் தொடங்கும். காற்றுத்துளையைத் திறந்தே வைக்க வேண்டும், ஏனெனில் ஆக்சிசன் கிடைத்தால்தான் மண்ணின் இரும்பு சிவக்கும், கிடைக்காவிட்டால் கருக்கும். தென்பிரான்சின் லா கிராஃபசான்க் சூளைகளில் தீயும் புகையும் கலங்களைத் தொடாதபடி மண்குழாய்கள் வழியாக வெப்பத்தைச் செலுத்தியதும் இதற்காகவே. வைக்கோலும் வறட்டியும் அடுக்கும் திறந்த சூளையில் சிவப்பு திட்டுத்திட்டாகத்தான் வரும். அது பானைக்கு அழகு, இந்தக் கிண்ணத்துக்குப் பொருந்தாது.

அரைக்காய்ச்சலில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய ஒன்றைத் தனியே சொல்கிறேன். உரோமானியர் தம் முத்திரையைக் கிண்ணத்தின் உட்புற நடுவில் பதித்தனர், கி.பி. 15 அளவில் பாதவடிவ முத்திரைகள் பரவின. உள்ளே அப்படி ஒன்றைப் பதிக்க விரும்பினால் உங்கள் பெயரையே பதியுங்கள், பழைய பெயரை நகலெடுக்க வேண்டாம். அடியில் ஆண்டையும் ஊரையும் அழியாதபடி கீறுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருளென்று யாரையும் ஏமாற்ற உங்கள் கிண்ணம் பயன்பட்டுவிடக் கூடாது. மாதிரிக்காக அரிக்கமேட்டிலிருந்து ஓர் ஓட்டைக்கூட எடுத்து வராதீர்கள். அந்த மண்மேடு பாதுகாக்கப்பட்ட இடம், அங்கு ஓடு கிடக்கும் அடுக்கே அதன் காலத்தைச் சொல்லும் சான்று. பார்ப்பதற்குப் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது.

சுட்ட கிண்ணத்தைப் பத்து நாள் அலமாரியில் வைத்திருந்து, சுண்ணாம்புப் பொரிவு இல்லை என்று உறுதியான பின்னரே பயன்படுத்துங்கள். அதில் ஈயம் இல்லை. ஆனால் சிறிது நீர் கசியும் என்பதால் மேசையில் வைக்கும்போது கீழே ஒரு தட்டு இருக்கட்டும். தண்ணீரும் பழச்சாறும் பருகலாம். பால் ஊற்றினால் நுண்துளைகளில் தங்கிப் புளித்து வாடை பிடிக்கும். சோப்பையும் மண் உறிஞ்சுவதால், வெந்நீரில் அலசிக் கவிழ்த்து, மறுநாள் வரை காயவிடுங்கள்.